கொடி தூக்கியவன் கால் எங்கே இருந்தது?



மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் வந்து, "மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டிலிருந்து ஒரு பாடக் கட்டுரை வேண்டும், மெட்ராலஜியில் ஏதாவது எழுது" என்றார்கள். வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று ஆரம்பித்தால் நம்மில் யார் படிக்கப் போகிறார்கள்? பரீட்சைக்கே படிப்பதில்லை. ஆகவே அதே பாடத்தை ஒரு கால்பந்து ஆட்டத்தை வைத்து எழுதலாம் என்று துணிந்தேன். அந்த ஆட்டத்தில் நான் பந்தைத் தொடவே இல்லை. கோட்டுக்கு வெளியே கொடி பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொடியால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.

நான் திரேஸ்புரம். அப்பா நாட்டுப் படகுத் தொழில், தாத்தா சங்குகுளி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், அதனால் சாயங்காலம் கரையில் பந்து ஆட்டம் கட்டாயம் உண்டு. சென்ற வருடம் இரண்டு தெரு அணிகளுக்கு இடையே இறுதி ஆட்டம் வைத்தார்கள். நடுவராக ஒரு பெரியவர் விசிலோடு வந்தார். லைன்ஸ்மேனுக்கு ஆள் இல்லை. "பாலிடெக்னிக் படிக்கிற பையன் இருக்கானே, அவனுக்கு ரூல்ஸ் எல்லாம் தெரியும்" என்று யாரோ சொல்ல, கையில் ஒரு சிவப்புத் துணி கட்டிய குச்சி வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்த ரூல்ஸ் டிவியில் பார்த்ததுதான். ஆனாலும் மறுக்கவில்லை. படித்த பையன் என்று நாலு பேர் சொன்னால் சும்மா இருக்க முடிகிறதா?

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் தெரு அணியின் முன்கள ஆட்டக்காரர் எதிர்க் கரையோரமாக ஓடி, பந்தை வாங்கி, கோல் போட்டார். நான் கொடியைத் தூக்கினேன். ஆஃப்சைடு. பெரியவர் விசில் அடித்தார், கோல் இல்லை. அடுத்த பக்கம் போன பந்தில் எதிரணி கோல் போட்டு ஜெயித்தது. கோல் மறுக்கப்பட்டவர் என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. என்னுடைய முதல் வருஷம் ஃபீஸ் கட்டியது அவர். படகுக்குப் போய்ச் சம்பாதித்த பணம்.

அன்று இரவு டீக்கடையில் நடந்த விவாதத்தை நான் முழுவதும் கேட்டேன், ஏனென்றால் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் தெரு ஆட்கள், "படிக்க வச்சவனுக்கே கொடி தூக்கிட்டாம்லே. நாலு பேரு முன்னால நல்ல பேரு வாங்கணும்னு தூக்கியிருக்கான்" என்றார்கள். எதிரணி ஆட்கள், "சொந்த அண்ணன்னும் பாக்கல, நேர்மையான பையன்" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்த டீ இறங்கவே இல்லை. ஒரு பக்கம் என் மனசைத் திட்டியது, இன்னொரு பக்கம் அதே மனசைப் புகழ்ந்தது. அப்போது நான் எங்கே நின்றேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து மெட்ராலஜி லேபில் ஒரு அளவு எடுக்கும்போது சார் என் தலையைப் பிடித்து நேராக வைத்தார். "சாய்ஞ்சு பார்க்காதே, இடமாறு தோற்றப் பிழை வரும்" என்றார். பள்ளியில் படித்த வார்த்தைதான். ஸ்கேல் ஒரு தளத்திலும் பொருள் இன்னொரு தளத்திலும் இருந்தால், கண் நகர நகர அளவும் நகரும். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கொடி தூக்கிய அந்த நொடியில் நான் சாய்ந்து பார்த்தேனா?

ஆஃப்சைடு விதியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டாளி பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், எதிர்ப் பாதியில் நிற்கும் ஆட்டக்காரர் பந்தைவிடவும், எதிரணியில் கடைசிக்கு முந்தின ஆளைவிடவும் கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் அது ஆஃப்சைடு நிலை. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர், ஆகவே நடைமுறையில் கடைசித் தடுப்பாட்டக்காரரைப் பார்த்தால் போதும். இரண்டு பேரும் ஒரே மட்டத்தில் நின்றால் குற்றமில்லை. லைன்ஸ்மேன் அந்தக் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேராக, ஒரு நூல் பிடித்தது போல, கோட்டின் மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் அப்படி ஓடவில்லை. பந்தோடு ஓடினேன். டிவியில் ஆட்டம் பார்த்துப் பழகியவன் பந்தைத்தானே பார்ப்பான்!

எங்கே நின்றேன் என்பதற்கு எனக்கு ஒரு சாட்சி இருந்தது. ஆட்டக்களத்துக்குள் மணல் எல்லாம் மிதிபட்டுப் போயிருந்தாலும், கோட்டுக்கு வெளியே என் செருப்புத் தடம் மட்டும்தான் இருந்தது. ஆட்டம் முடிந்த அன்றே, சண்டைக்கு நடுவில், எங்கள் தெருப் பையன் ஒருவன் நான் நின்ற இடத்தில் கோபத்தில் குச்சியை நட்டுவைத்திருந்தான். ‘இங்க நின்னுதான் துரோகம் பண்ணினான்’ என்பதற்காக. அந்தக் குச்சிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இன்னொரு பையன் செல்போனில் எடுத்த வீடியோவில், பந்து உதைபடும் நேரத்தில் தடுப்பாட்டக்காரர் எந்த இடத்தில் நின்றார் என்பது கரையேற்றி வைத்த ஒரு வள்ளத்தை அடையாளமாக வைத்து ஓரளவு தெரிந்தது. கயிறு பிடித்து அளந்தேன். நான் அவரைவிடக் கோல் பக்கமாகச் சுமார் ஒன்றரை மீட்டர் முன்னால் நின்றிருக்கிறேன். அவர் என் கோட்டிலிருந்து 12 மீட்டர் உள்ளே. அண்ணன் 24 மீட்டர் உள்ளே, அதாவது எனக்கு எதிர்க் கரையில்.

இனி முதல் வருஷக் கணக்குதான். வடிவொத்த முக்கோணங்கள். நோட்டில் ஒரு கோடு போட்டு, என் கண்ணிலிருந்து தடுப்பாட்டக்காரர் வழியாக ஒரு பார்வைக் கோடு இழுத்துப் பாருங்கள். நான் அவருக்கு நேராக நின்றால் அந்தக் கோடு கோல் கோட்டுக்கு இணையாகப் போகும். நான் முன்னால் நின்றதால் அது சாய்ந்து, அவரைத் தாண்டியதும் பின்பக்கமாகப் போகிறது. எவ்வளவு பின்னால்? என் விலகலை, இரண்டு ஆட்டக்காரருக்கும் இடைப்பட்ட அகலத்தால் பெருக்கி, தடுப்பாட்டக்காரர் என்னிடமிருந்து இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். ஒன்றரை பெருக்கல் 12, வகுத்தல் 12. ஒன்றரை மீட்டர். அதாவது அண்ணன் சரிமட்டத்தில் நின்றிருந்தாலும், ஏன், ஒரு மீட்டர் பின்னால் நின்றிருந்தாலும்கூட, என் கண்ணுக்கு அவர் முன்னால்தான் தெரிந்திருப்பார்.

என் அளவிலும் பிழை உண்டு. கயிறு, குச்சி, வள்ளம் எல்லாம் சேர்த்து அரை மீட்டர் இப்படியோ அப்படியோ போகலாம். சரி, என் விலகல் ஒரு மீட்டர்தான் என்று வைத்துக்கொண்டாலும் தோற்றப் பிழை ஒரு மீட்டர் வருகிறது. அன்றைக்கு அண்ணன் முன்னால் இருந்ததாக நான் கண்ணால் பார்த்தது ஒரு கை நீளம். ஆகவே கொடி தப்பு. நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் என் கொடிக்கு எதிராகத்தான் கட்டுவேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே இடத்தில் நான் நின்று, அண்ணன் எதிர்க் கரையில் இல்லாமல் என் பக்கமாக 6 மீட்டரில் ஓடியிருந்தால் கணக்கு தலைகீழ். முக்கால் மீட்டர் ஆஃப்சைடில் நின்றவர்கூடச் சரிமட்டமாகத் தெரிவார், நான் கொடியைத் தூக்கியிருக்க மாட்டேன். ‘அண்ணனுக்காக விட்டுட்டான்’ என்று டீக்கடை விவாதம் வேறு மாதிரி போயிருக்கும். என் மனசு அதேதான், கால் நின்ற இடமும் அதேதான். ஓடியவர் பக்கம் மாறினால் நான் நேர்மையானவனிலிருந்து கள்ளனாகி விடுகிறேன்.

இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ‘நேச்சர்’ இதழில் இதையே எழுதியிருக்கிறார்கள். அனுபவமுள்ள லைன்ஸ்மேன்களை வைத்துச் சோதித்து, அவர்கள் செய்யும் ஆஃப்சைடு தவறுகளில் பெரும்பகுதி அவர்கள் தப்பான இடத்தில் நிற்பதாலேயே வருகிறது என்றும், ஆட்டக்காரர் அருகுப் பக்கமா எதிர்ப் பக்கமா என்பதைப் பொறுத்துத் தவறின் திசை மாறுகிறது என்றும் காட்டினார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பெரிய பெரிய ஆட்களும் என்னை மாதிரி முன்னால் போய் நிற்கிறார்கள்!

இடம் மட்டும் அல்ல, நேரமும் உண்டு. உதைப்பவர் ஒரு பக்கம், ஓடுபவர் இன்னொரு பக்கம். ஒரே கணத்தில் இரண்டையும் பார்க்கக் கடவுள் நமக்கு அந்த மாதிரி கண் தரவில்லை. பார்வை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்கள ஆட்டக்காரர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கோலை நோக்கி ஓடுகிறார், தடுப்பாட்டக்காரர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் வெளியே வருகிறார். அந்தப் பத்தில் ஒரு நொடிக்குள் இருவருக்கும் இடையே ஒரு மீட்டர் திறந்துவிடும். கேலரியில் உட்கார்ந்து, "ஒரு ஜாண்லே! ஒரு ஜாண் பின்னாலதான் இருந்தான்!" என்று சத்தம் போடுகிறவர்கள், ஒரு மீட்டர் மீச்சிற்றளவு உள்ள ஸ்கேலால் ஒரு ஜாணை அளக்கிறார்கள். லேபில் அப்படி ரீடிங் எழுதினால் ரெக்கார்டு நோட்டுத் திரும்பி வரும்.

இதோடு விட்டால், நடுவர் விவகாரம் எல்லாமே அளவு விவகாரம்தான், நல்ல கருவி வந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் டீக்கடை டிவியில் பார்த்த இன்னொரு ஆட்டம் நினைவுக்கு வந்து அந்த எண்ணத்தைக் கெடுத்தது.

2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் ஆட்டம். பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் கோல் இல்லாமல் சமமாக இருந்து, கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தார்கள். முதல் பாதியில் பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக். கேரள கோல்கீப்பர் முன்னால் வந்து தடுப்புச் சுவரை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தைச் சட்டென்று காலி வலைக்குள் தட்டி விட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் என்று காட்டினார். பயிற்சியாளர் இவான் வுகோமானோவிச் உள்ளே வந்து தன் ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர்கள் திரும்பவில்லை. ஆட்டம் பெங்களூருவுக்குப் போனது. புகார் கொடுத்தும் பலனில்லை. மாதக் கடைசியில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது.

அந்த இரவு எங்கள் டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. கடையில் ஆளுக்கொரு விதி. "விசில் அடிக்காம எப்படிலே அடிக்கலாம்?" என்பது ஒரு கட்சி. "ஏமாந்தது அவன் தப்பு" என்பது இன்னொரு கட்சி. விதியை எடுத்துப் பார்த்தால் ஃப்ரீ கிக்கை உடனே எடுக்க உரிமை உண்டு, அதற்கு விசில் தேவையில்லை. ஆனால் நடுவர் தலையிட்டு, எதிராளிகளை 9.15 மீட்டர் பின்னால் நகர்த்தத் தொடங்கிவிட்டாலோ, அட்டை காட்டினாலோ, பிறகு விசில் அடித்த பின்புதான் ஆட வேண்டும். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொல்லிவிட்டதாகச் சேத்ரி பின்னர் கூறினார். ஆகவே சண்டையின் முடிச்சு, நடுவர் தலையிட்டாரா இல்லையா, அதை எதிரணிக்குப் புரியும்படி காட்டினாரா என்பதில் இருக்கிறது. இதை எந்த டேப்பால் அளப்பது? ஐ.எஸ்.எல்.லில் அப்போது வீடியோ நடுவர் முறை கிடையாது. இருந்திருந்தாலும் கேமராவில் பந்து தெரியும், கால் தெரியும், ஒருவர் எதைப் புரிந்துகொண்டார் என்பது தெரியாது. என் அபிப்பிராயத்தில் விதிப்படி கோல் சரி. ஆனால் ‘ஆடலாம்’, ‘நில்’ என்ற இரண்டு சைகைக்கும் நடுவே நடுவரின் கை இன்னும் தெளிவாகப் பேசியிருக்கலாம். வெளியேறியதை மட்டும் நான் ஏற்க மாட்டேன், எங்கள் டீக்கடையில் பாதிப் பேர் இதற்காக என்னோடு பேசாவிட்டாலும் சரி.

வெளியேறுவது என்றதும் கடலுக்கு அந்தப் பக்கத்து விஷயம் ஒன்று. நம்மில் கிரிக்கெட் பைத்தியங்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன் டெஸ்ட். முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று அம்பயர் டாரல் ஹேர் பந்துவீச்சு முனையில் நின்றபடி ஏழு முறை நோ-பால் கொடுத்தார். கேப்டன் ரணதுங்கா முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற அம்பயர் ஸ்டீவ் டன் ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை. கை அதே கைதான், பார்த்த கண் மட்டும் வேறு. 1999 ஜனவரியில் அடிலெய்டில் ராஸ் எமர்சன் மறுபடியும் நோ-பால் கொடுத்தபோது ரணதுங்கா அணியை எல்லைக் கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. பேசினார், திரும்பினார், ஆடினார். 300 ரன்னுக்கு மேல் துரத்திய அந்த ஆட்டத்தில் இலங்கை ஒரு விக்கெட்டில் ஜெயித்தது.

முரளி விஷயத்தில் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். அவர் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமராக்களை வைத்து அளந்தார்கள். அப்படியே மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்து பார்த்தால், கை சுத்தமாக நேராக இருப்பதாக எல்லோரும் நம்பியவர்களுக்கும் முழங்கை சில டிகிரி நிமிர்கிறது! 2005இல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று வரம்பு வைத்தார்கள். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும் அளவு அதுதான் என்றார்கள். நம் பாடத்தில் டாலரன்ஸ் என்று படிக்கிறோமே, அதுதான் இது. பூஜ்யப் பிழையில் எந்த ஷாஃப்ட்டும் கடைய முடியாது, ஆகவே எவ்வளவு வரை போகலாம் என்று எழுதி வைக்கிறோம். பத்து வருஷம் ஒரு மனிதரைக் கள்ளன் என்றும் தியாகி என்றும் ரசிகர்கள் அடித்துக்கொண்ட பிறகு ஒரு எண்ணை எழுதினார்கள். முரளி 2010இல் 800 விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

கருவியின் கதைக்கே திரும்புகிறேன். என் தாத்தா சொல்லுவார். சங்கு எடுப்பது அரசாங்கத்தின் உரிமையாக இருந்த காலத்தில், கரைக்கு வந்த சங்கை ஒரு துளையில் விட்டுப் பார்ப்பார்களாம். உள்ளே விழுந்தால் குஞ்சுச் சங்கு, கணக்கில் சேராது. விழாமல் நின்றால் நல்ல சங்கு. இதைத்தான் நாம் ‘கோ, நோ-கோ கேஜ்’ என்று லேபில் வைத்திருக்கிறோம். எண் எதுவும் சொல்லாது, ஆகும் அல்லது ஆகாது என்று மட்டும் சொல்லும். கால்பந்தில் கோல் கோடும் இதே ஜாதி. பந்து முழுவதும் கோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்தது. கோல் என்று தலையாட்டிய லைன்ஸ்மேன் அஜர்பைஜானைச் சேர்ந்த தோஃபிக் பக்ராமோவ். இன்றுவரை ஜெர்மானியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பாகு நகரத்தில் அவர் பெயரில் ஒரு மைதானமே இருக்கிறது! எனக்குத் தலையில் மணலை வாரிப் போட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 2010 உலகக் கோப்பையில் லம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தெளிவாகத் தாண்டியும் கோல் கிடைக்கவில்லை. இந்த முறை அடித்தது இங்கிலாந்து, தப்பித்தது ஜெர்மனி. 2012இல் கோல் கோட்டுக் கருவிக்கு அனுமதி கொடுத்தார்கள், 2014 உலகக் கோப்பையில் வைத்தார்கள். அந்த ஒரு சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

ஆஃப்சைடுக்கும் கருவி வந்தது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் மைதானக் கூரைக்குக் கீழே 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை குறித்துக்கொண்டே இருந்தன. பந்துக்குள் இருந்த உணர்கருவி நொடிக்கு 500 முறை செய்தி அனுப்பியது. மேலே போட்ட அதே கணக்கைப் போடுங்கள். இருவருக்கும் இடையே நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால், கேமராவின் இரண்டு குறிப்புகளுக்கு நடுவில் 20 சென்டிமீட்டர், பந்தின் இரண்டு செய்திகளுக்கு நடுவில் 2 சென்டிமீட்டர். என் கண்ணின் ஒரு மீட்டர் எங்கே, இது எங்கே! இருந்தாலும் முதல் ஆட்டத்தில் மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்குவடாரின் கோல் ஒன்றை அந்தக் கருவி ரத்து செய்தபோது, டிவி பார்த்த பாதி உலகம் ‘எங்கே ஆஃப்சைடு?’ என்று கேட்டது. படம் போட்டுக் காட்டிய பிறகும் கேட்டது. தாத்தா காலத்திலும் அப்படித்தானாம். துளை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் "அவன் சங்கைத் திருப்பித் திருப்பி விடுதான்யா, விழாம என்ன செய்யும்" என்று சண்டை நடக்குமாம்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் எழுதியதற்கு அர்த்தம் இல்லை. கால்தான் காரணம், மனசு சுத்தம் என்று முழுக்கத் தப்பித்துக்கொள்ள முடியுமா? 2002இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்திலிருந்து 47 மோதல்களை வீடியோவில் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தம் இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல் சுமார் 15 சதவீதம் குறைவு. அவர்கள் யாரும் காசு வாங்கவில்லை. காது வழியாக ஏதோ உள்ளே போய்விட்டது. எனக்கு உள்ளே போனது வேறு. அன்று கொடியை வாங்கும்போதே, ‘அண்ணன் அணி என்பதால் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது’ என்று நினைத்துக்கொண்டுதான் வாங்கினேன். கண்ணுக்கு ஒரு கை நீளம் முன்னால் தெரிந்தபோது, என் கை வழக்கத்தைவிட வேகமாக உயர்ந்திருக்கலாம். இதற்கு என்னிடம் முக்கோணம் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அண்ணனிடம் போனேன். கரையில் உட்கார்ந்து வலை கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. எதிரில் உட்கார்ந்து படத்தைக் காட்டினேன். இது நான், இது தடுப்பாட்டக்காரர், இது நீங்க என்று விரலால் காட்டி, "அண்ணே, கொடி தப்பு. நீங்க சரியாத்தான் நின்னிருக்கீங்க" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். நோட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு முன்னால நின்ன?"

"ஒன்றரை மீட்டர்."

"பாகத்துல சொல்லுலே."

"ஒரு பாகம் இருக்கும், அண்ணே. கொஞ்சம் குறையும்."

"அந்த ஒரு பாகத்துக்கு இம்புட்டு கணக்கா" என்றார். பிறகு, "இதப் போய் டீக்கடையில காட்டினியா?" என்று கேட்டார்.

"இல்லை. முதல்ல உங்ககிட்டதான்."

"அவனுவகிட்டயும் காட்டு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த ஊசிய இங்க எடு."

எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் டீக்கடையில் காட்டினேன். ஐந்து நிமிடம் எல்லோரும் அமைதியாகப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "அந்த வீடியோ எடுத்த பய எங்க நின்னான்? அவனும் சாஞ்சு நின்னிருந்தா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவன் நின்ற இடத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை அளக்கப் போகிறேன்.